கார்னரில் விழுந்த கோல்

"அவனை எடுத்துட்டாங்க. என்னை ஏன் எடுக்கல?"

கேட்டவன் ஏகாம்பரம். வயது முப்பத்து மூன்று. சென்னை மூன்றாம் டிவிஷன் கால்பந்து லீக்கில் பதினான்கு வருடமாக ஸ்டாப்பர்; கோலுக்கு முன்னால் நின்று எதிர் டீம் ஆட்களை மறிப்பவன். எட்டு டீம் மாறிவிட்டான். டிவிஷன் மட்டும் மாறவில்லை.

பதில் சொல்ல வேண்டியவர் அதே டீமின் கோல்கீப்பர் துரைக்கண்ணு. ஏகாம்பரத்தைவிட இரண்டு வயது இளையவர். ஒரு ஆட்டத்துக்கு நாலு வார்த்தைதான் பேசுவார் என்பதால் சாமி என்று கூப்பிட்டார்கள். கிண்டலாகத்தான் ஆரம்பித்தது. பிறகு சந்தேகம் கேட்கவும் வர ஆரம்பித்தார்கள்.

முந்தின நாள் ஆட்டத்தைப் பார்க்க முதல் டிவிஷன் கிளப் ஒன்றிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரு ஸ்டாப்பர் வேண்டும். கார்னர் கிக்கில் விழுந்த ஒரே கோலில் டீம் தோற்றது. அப்படியும், ஏகாம்பரத்துக்குப் பக்கத்தில் நின்று ஆடும் இன்னொரு ஸ்டாப்பர் மரியநேசனின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்கள்.

இந்த வயதில் இன்னொரு தடவை யாரும் பார்க்க வரப்போவதில்லை. அது ஏகாம்பரத்துக்குத் தெரியும்.

சாமி கோல் கம்பத்தில் சாய்ந்து நின்றார்.

"மரியநேசன் எப்டிண்ணா ஆடுறான்?"

"அதெல்லாம் ஒரு ஆட்டமா? ஹெட் பண்ணா முதல்ல கேலரியப் பாப்பான், அப்புறம்தான் பந்தை. இடது கால்ல பாஸ் வராது. எழுபது நிமிஷம் ஆனா சாக்ஸை இழுத்து இழுத்து விடுவான். மூச்சு வாங்குதாம், மறைக்கிறாராம்."

"எப்பலேர்ந்து பாத்துனு இருக்கே?"

"அவன் டீமுக்கு வந்த நாள்லேர்ந்து. மூணு சீசன். ஒரு ஆட்டம் விட்டதில்ல."

"நேத்து?"

"நேத்தும்தான். அந்த கோல் முழுக்க அவன் தப்பு சாமி. கார்னர் அடிக்கிறாங்க. ஃபர்ஸ்ட் போஸ்ட் கம்பத்தாண்ட நிக்க வேண்டியவன் ஒரு அடி தள்ளி நிக்கிறான். இடுப்புல கை வேற. போட்டோவுக்கு நிக்கிற மாதிரி."

"நல்லா பாத்தியா?"

"பந்து அவன் தலைக்கு மேல போனதைப் பாத்தேன். அவன் மூஞ்சி செத்துப்போனதைப் பாத்தேன். உன்கிட்ட சொல்றதுக்கு இன்னா, தொலைஞ்சான்டான்னு ஒரு சந்தோஷம்கூட வந்துச்சு."

சாமி தலையை ஆட்டினார்.

"கோல் போட்டவன் ஜெர்சி நம்பர் இன்னாண்ணா?"

"ஒன்பது" என்றான் ஏகாம்பரம்.

சாமி உதட்டைப் பிதுக்கினார்.

"பத்தா?"

மைதானத்தில் யாரோ விசில் ஊதிப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் அசையவில்லை.

"நாலு" என்றார் சாமி. "அவங்க ஸ்டாப்பர். நீ புடிக்க வேண்டிய ஆளு. உன் தோள்ல கைய ஊனித்தான் எகிறினான்."