நடு ஆற்றில் ஓர் உடன்படிக்கை

கடலும் ஆறும் மனிதரோடு பேசிய காலத்திலே, நீலாற்றின் தென்கரையில் உப்பளத்தார் இருந்தார்கள். வடகரையில் ஓடக்காரர் இருந்தார்கள். ஆனால் உப்பைச் சந்தைக்குக் கொண்டுபோனவன் கரும்புகையன் என்ற மந்திரவாதி. புகையால் செய்த யானைகள் அவனிடம் இருந்தன. கூலியாகப் பாதி உப்பைப் பிடுங்கிக்கொள்வான்.

"இனி எங்கள் ஓடமும் உங்கள் உப்பும் கூட்டு" என்றாள் ஓடக்காரர் தலைவி வேலம்மை. உப்பளத் தலைவர் நாகப்பரும் சம்மதித்தார். நிபந்தனைகளைப் பேசி முடித்துவர உப்பளத்துப் பெண் முத்தாரியை அனுப்பினார்.

கரும்புகையன் பொறுப்பானா? நடு ஆற்றில் கரும்பனியை ஊதிவிட்டான். "இதற்குள் போகிறவர் தாம் எந்தக் கரை என்பதையே மறப்பார். இரு கரையும் ஒரே வார்த்தை சொல்லும்வரை இது கலையாது!"

"உப்பு நனைந்தால் நஷ்டம் ஓடக்காரருக்கு" என்று சொல்லிவரச் சொல்லியிருந்தார் நாகப்பர். பனியைத் தாண்டிய முத்தாரியோ, "நஷ்டம் எங்களுக்கு... இல்லை, உங்களுக்கு... நாம் என்றால் யார்?" என்று குழறினாள்.

"நீ யார் பக்கம் பெண்ணே?" என்றாள் வேலம்மை.

"தெரியலையே அக்கா!"

"நஷ்டம் உப்பளத்தாருக்குத்தான்" என்று வேலம்மை சொன்ன பதிலோடு முத்தாரி திரும்பினாள். பாதி வழியில் அதுவும் புரண்டது.

"நீ யார் பக்கம்?" என்று சீறினார் நாகப்பர்.

"தெரியலையே ஐயா!"

மறுபடி போனாள், மறுபடி குழம்பினாள். இரு கரையும் அவளைத் துரோகி என்றன. மேற்கே மழைமேகம் திரண்டது. மழை விழுந்தால் குவித்த உப்பெல்லாம் கரைந்துபோகும்.

முத்தாரிக்கு அழுகை முட்டியது. அழுதுகொண்டே யோசித்தாள்: 'நான் ஒருத்தி குழம்பி என்ன பயன்? பேசவேண்டியவர்களும் குழம்பட்டும்!'

கெஞ்சிக் கூத்தாடி, தலைவர் இருவரையும் பனிக்கு நடுவே வரவழைத்து, இரண்டு ஓடங்களையும் சேர்த்துக் கட்டினாள்.

"நான் உப்பா, ஓடமா?" என்று தலையைச் சொறிந்தார் நாகப்பர்.

"எனக்கே என்னைத் தெரியவில்லை" என்றாள் வேலம்மை.

"தெரியாமலே சொல்லுங்கள். உப்பு நனைந்தால் நஷ்டம் யாருக்கு?" என்றாள் முத்தாரி.

"ஓடக்காரருக்கு" என்று ஆரம்பித்த நாகப்பர் திடுக்கிட்டார். "நானே ஓடக்காரனாக இருந்துவிட்டால்?"

"உப்பளத்தாருக்கு என்று சொல்ல எனக்கும் பயமாயிருக்கிறதே!" என்றாள் வேலம்மை.

பிறகு இருவரும் ஒரே குரலில், "ஆளுக்குப் பாதி!" என்றார்கள்.

பனி கிழிந்தது. புகையானைகள் காற்றோடு போயின. கரும்புகையன் இருமிக்கொண்டே மலைதாண்டி ஓடினான்.

ஓடங்கள் வரிசையாகக் கிளம்பின. கடைசி மூட்டை சந்தைக் கூரைக்குள் போகவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. இரு கரையாரும் சேர்ந்து முத்தாரிக்கு ஒரு புது ஓடம் கட்டிக்கொடுத்தார்கள். அதன்பின் நீலாற்று நாட்டில் எந்த வீட்டுக் குழம்பிலும் உப்புக் குறையவே இல்லை.