தளவாயின் இடது சுண்டுவிரல்

கம்ப்யூட்டர் என்ற பேச்சே எழாத காலம். ஆலங்கிணற்றில் தட்டச்சுப் பயிலகம் திறந்ததும் முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் தளவாய், நாறும்பூ, இசக்கி என்ற மூன்று கூட்டாளிகள். மூவரும் சொன்ன சொல் தட்டாத பிள்ளைகள். ஊருக்குத் தலைவலியே அதுதான்.

முதல் நாளே ஞானதிரவியம் மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "ஒவ்வொரு விரலுக்கும் அதது எழுத்து. இங்கிலீஷ் 'ஏ' அடிக்கிறது இடது சுண்டுவிரல். தலையே போனாலும் வேற விரல் அதைத் தொடக் கூடாது."

தளவாய் உயிரைக் கொடுத்துப் படித்தான். காரணம் செண்பகவல்லி. தட்டச்சில் லோயர் பரீட்சை பாஸானால்தான் பெண் தருவேன், இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்பேன் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார்.

பங்குனியில் அந்தச் சுண்டுவிரல் சைக்கிள் செயினில் சிக்கிக்கொண்டது. கம்பவுண்டர் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டுப் போட்டு, "நான் சொல்லுதவரைக்கும் பிரிக்காதே" என்றார். அப்புறம் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

மூவரும் பயிலக வாசலில் கூடி யோசித்தார்கள்.

"மோதிர விரலால அடிச்சிரட்டுமா?" என்றான் தளவாய்.

"ஏலே, அது 'எஸ்' அடிக்கிற விரலுல்லா! அடுத்தவன் வயல்ல இறங்கி உழலாமாலே?" இசக்கிக்கு அழுகையே வந்துவிட்டது.

"அப்ப 'ஏ' இல்லாமலே அடிச்சிருதேன்."

"வேண்டாம்லே," என்றான் நாறும்பூ. "மாஸ்டர் இடது சுண்டுவிரல்னுதான் சொன்னாரு. யாரோடதுன்னு சொல்லலையே. என்னோடது சும்மாத்தான் கெடக்கு. வச்சுக்க."

அன்று முதல் ஒரே மெஷின் முன்னால் இரண்டு ஸ்டூல். 'ஏ' வரும்போதெல்லாம் தளவாய் முழங்காலால் இடிப்பான், நாறும்பூ அடிப்பான். இதைப் பார்த்த மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். அதுவும் பாடம்தான் போல என்று மூவரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். மாஸ்டர் அதற்கப்புறம் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

ஆடியில் பரீட்சை வந்தது. மேற்பார்வைக்கு வந்த அதிகாரி ஒரு மெஷினில் இரண்டு பேரைக் கண்டு திகைத்துப் போனார்.

"இது யாருய்யா?"

"என் இடது சுண்டுவிரல் சார்," என்றான் தளவாய்.

நாறும்பூவை வெளியே அனுப்பிவிட்டார்கள். கொடுத்த பாடத்தில் முதல் வார்த்தையிலேயே 'ஏ' இருந்தது. தளவாய்க்குக் கண் கலங்கிவிட்டது. செண்பகவல்லி கையை விட்டுப் போகிறாள் என்றால் யாருக்குத்தான் கலங்காது? எனக்கே பாவமாக இருக்கிறது.

"எப்பய்யா பட்ட அடி?" என்று கட்டைப் பார்த்துக் கேட்டார் அதிகாரி.

"பங்குனியில சார். கம்பவுண்டர் இன்னும் வந்து சொல்லல."

அதிகாரி தானே கட்டைப் பிரித்தார். உள்ளே விரல் வெளுத்துப்போய், பரம சௌக்கியமாக இருந்தது. "அடி!" என்று அதட்டினார். அடித்தான். பாஸும் ஆனான்.

ஆனால் இசக்கிக்கு மனசு ஆறவில்லை. "கம்பவுண்டர் சொல்லாமக் கட்டைப் பிரிச்சது தப்புல்லா?" மூவரும் கூடி வெகுநேரம் விவாதித்தார்கள். கடைசியில் நியாயமான முடிவு ஒன்றுக்கு வந்தார்கள்.

கல்யாணப் பந்தலில் நாறும்பூ இடது சுண்டுவிரலில் எலுமிச்சம்பழம் அளவுக் கட்டோடு உட்கார்ந்திருந்தான். பெண்ணின் அப்பா பதறிப்போய், "என்னப்பா, விரல்ல அடியா?" என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்ல மாமா," என்றான் நாறும்பூ. "அடி மாப்பிள்ளைக்குத்தான். அவரு இன்னைக்குத் தாலி கட்டுற வேலையில இருக்காருல்லா, அதான் நான் வச்சிருக்கேன்."