மணிப்பூவோட அடையாளம்

கோத்தகிரிப் பக்கம் பாறைத் தோட்டம் போடறவங்களுக்கெல்லாம் குரு, ஹெப்சிபா. வயசு நாப்பது. அவங்ககிட்ட கத்துக்கற சிஷ்யர் தாண்டவமூர்த்திக்கு அறுபது தாண்டிடுச்சு. ரிட்டயர்டு போலீஸ் இன்ஸ்பெக்டர். குரு சிஷ்யரை 'சார்'னு கூப்பிடுவாங்க, சிஷ்யர் குருவை 'மேடம்'னு கூப்பிடுவாரு. அதுல ரெண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

அன்னைக்குக் காலைல அவர் வந்த வேகத்துல தோட்டத்துக் கேட்டு சுவர்ல மோதித் திரும்பி வந்துச்சு. கையில ஒரு மண் தட்டு. தட்டு நிறைய சரளை, சரளைக்கு நடுவுல பொடி இலை, இலைக்கு மேல விரல்நுனி அளவுல நீல மணிப்பூ. பூ அமைதியாத்தான் இருந்துச்சு. தூக்கிட்டு வந்தவர் மூஞ்சிதான் சிவந்து கிடந்துச்சு.

நடந்தது இதுதான். முந்தின நாள் மலர்க் காட்சி. குளிர்மலைச் செடி வரிசையில இவரோட தட்டும் இருந்துச்சு. 'அங்குஸ்தான் மணி'ன்னு சீட்டு எழுதிக் குத்தி வெச்சிருந்தாரு. தையக்காரர் விரல்ல மாட்டற அங்குஸ்தான் மாதிரியே இருக்கும், தலையைக் குனிஞ்சு தொங்கும், அந்த வகை. நடுவர் அல்போன்ஸ் வந்தாரு. குனிஞ்சாரு. சீட்டைப் பிடுங்கிக் கவுத்து வெச்சாரு. "இது அது இல்லை"ன்னு சொல்லிட்டு அடுத்த தட்டுக்குப் போயிட்டாரு.

"மூணே வார்த்தை மேடம்," தாண்டவமூர்த்தி சொன்னாரு. "திருடனைப் பிடிச்சாக்கூட நான் உட்கார வெச்சு விசாரிப்பேன்."

அதுக்கப்புறம் அவரை நிறுத்த முடியலை. விதை என்ன கடையில வாங்கினதா, உங்க பாத்தியில, பேர் குத்தின செடியிலேர்ந்து, என் கையால உதிர்த்ததுன்னாரு. மழைக்காலம் பூரா தண்ணி தேங்கி வேர் அழுகிடக்கூடாதுன்னு தட்டுக்கு மேல கண்ணாடிப் பலகையைச் சாய்ச்சு வெச்சுக் காவல் இருந்ததைச் சொன்னாரு. இலையைத் தின்ன வந்த நத்தை ஒவ்வொண்ணையும் கையும் களவுமாப் பிடிச்சு எல்லை தாண்டி விட்டதைச் சொன்னாரு. இத்தனையும் செஞ்சவனை ஊர் முன்னாடி ஃபோர்ஜரி கேஸ் மாதிரி நிக்க வெச்சுட்டான்னு பல்லைக் கடிச்சாரு.

சாயங்காலம் நாலு மணிக்குத் தோட்டக்காரங்க சங்கத்துக் கூட்டம். அல்போன்ஸை நடுவர் பொறுப்புலேர்ந்து தூக்கணும். குரு எந்திரிச்சு, விதை என்னோடதுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவங்க பேச்சைத் தாண்டி அங்க யாரும் போகமாட்டாங்க. மாட்டேன்னா, இந்தத் தட்டு இப்பவே பள்ளத்துல போகும்.

சொல்லிட்டுத் தட்டைத் தூக்கியும் பிடிச்சாரு.

"விதை என் பாத்தியோடதுதான்," குரு சொன்னாங்க.

"அப்ப பேரும் சரிதானே?"

குரு பாத்தியைக் காட்டினாங்க. அங்குஸ்தான் மணி தொங்கிட்டிருந்துச்சு. அதை ஒட்டியே கிண்ண மணி, பேருக்கேத்த மாதிரி வானத்தைப் பார்த்து விரிஞ்சிருந்துச்சு. ஒரு தேனீ கிண்ண மணியிலேர்ந்து எந்திரிச்சு அங்குஸ்தான் மணியில போய் உட்கார்ந்துச்சு.

"அது சீட்டுப் படிச்சுட்டா உட்காருது சார்? உங்க செடிக்கு அம்மா இதுதான். அப்பா யாருன்னு நீங்களும் கேக்கலை."

தாண்டவமூர்த்தி தேனீயை ஒரு முறை முறைச்சாரு. அது கைக்குச் சிக்கற ஆளா தெரியலை. மறுபடி அல்போன்ஸ்கிட்டயே வந்துட்டாரு. தெரிஞ்ச மனுசன் இதை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமில்லன்னாரு.

குரு தட்டை வாங்கி முதுகுக்குப் பின்னால வெச்சுக்கிட்டாங்க.

"அல்போன்ஸுக்கு என்ன அடையாளம் சார்?"

குரல் தானா ஸ்டேஷன் குரலா மாறிடுச்சு. "ஒல்லி. மாநிறம். இடது புருவத்துல பழைய தழும்பு. மூக்குக் கண்ணாடியில ஒரு பக்கம் நூல் சுத்தியிருக்கும். பேசறதுக்கு முன்னாடி உதட்டை நக்குவான். நடக்கறப்ப வலது செருப்புத் தேயும்."

"இந்தப் பூவுக்கு?"

"நீலம்."

"அப்புறம்?"

"சின்னது."

"தொங்குதா, நிமிர்ந்திருக்கா?"

"தொங்கும். அங்குஸ்தான் மணின்னா தொங்கணுமில்ல."

"நான் கேட்டது இந்தப் பூவை. சரி விடுங்க. விதை உதிர்றதுக்கு விதைக்காய்ல ஓட்டை விழுமே, காம்புப் பக்கமா, நுனிப் பக்கமா?"

"ஓட்டையா?" தாண்டவமூர்த்தி கேட்டாரு.

குரு தட்டை முன்னால கொண்டு வந்தாங்க. பூ தொங்கவும் இல்லை, நிமிரவும் இல்லை. பக்கத்து வீட்டுல யாரோ கூப்பிட்ட மாதிரி பக்கவாட்டுல திரும்பியிருந்துச்சு. ஒண்ணு ரெண்டு இல்லை, எல்லாமே அப்படித்தான்.

தாண்டவமூர்த்தி கொஞ்ச நேரம் பார்த்தாரு. ஆனா கோபம் அவ்வளவு சுலபத்துல இறங்கற சாமான் இல்லையே. பூ எந்தப் பக்கம் பார்த்தா என்ன, அவமானம் எனக்குத்தானேன்னாரு. கூட்டத்துக்கு வருவீங்களா மாட்டீங்களான்னாரு.

"வர்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. பிள்ளையைக் காணோம்னு ஒருத்தன் உங்க ஸ்டேஷனுக்கு வர்றான். முதல்ல என்ன கேப்பீங்க?"

"அடையாளம்."

"தெரியாதுங்கறான். பேர் மட்டும் தெரியுமாம். சோறு ஊட்டினேன், குளிப்பாட்டினேன், மழையில நனையாம பார்த்துக்கிட்டேன், மூஞ்சியை மட்டும் பார்த்ததில்லைங்கறான்."

தாண்டவமூர்த்திக்கு நரம்பு புடைச்சுக்கிச்சு. "அவனெல்லாம் ஒரு அப்பனா? பெத்த பிள்ளை மூஞ்சியைப் பார்க்காம என்னத்தைப் பிடுங்கிட்டு இருந்தான்? அவனையே முதல்ல உள்ள தூக்கிப் போட்டிருப்பேன் மேடம்."

குரு தட்டை அவர் கையில வெச்சாங்க.

"இது சரியான கோபம் சார். ஆறவிடாம நாலு மணிக்குக் கூட்டிட்டு வாங்க."