தூணோரத்து முகம்

பரஞ்சோதி மலை மடத்துக்கு வந்து சேர்ந்தபோது வயது ஐம்பத்திரண்டு. குருவைவிடப் பத்து வயது மூத்த சீடர். தியானம் கைகூடவில்லை, கம்ப்யூட்டர் கைகூடியது. ஆகவே குருவின் பேச்சு வீடியோக்களை, கேட்டவர் போனுக்குக் கேட்ட நேரத்தில் அனுப்புவதே அவர் தவமாயிற்று.

மலைக்கு வரும் இணைய இணைப்போ நூல் மாதிரி. பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் வீடியோவில் குரு வாயைத் திறந்தபடி நின்றுவிடுவார். முகத்தின் மேல் வட்டம் சுற்றும். சாமிக்குத் தலை சுற்றுகிறது என்று அடிவாரத்துக் கடைக்காரர்கள் கேலி பேசினார்கள்.

பரஞ்சோதி ஒரு வழி கண்டார். குருவின் முகத்தை மட்டும் துல்லியமாக வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மங்கலாக்கினார். வீடியோ கோப்பு கால்வாசியாகச் சுருங்கியது. இனி எதற்கு என்று பழையதை அழித்தார். ஓடும் பஸ்ஸிலும் குரு தடங்கலில்லாமல் பேசினார். மூஞ்சி முன்னைக்கு இப்போது தேவலை என்று குருவே சிரித்தார்.

மறுவாரம் செங்கமலம் மலையேறி வந்தாள். போன வருஷம் மகனைப் பாம்புக்கடிக்குப் பறிகொடுத்தவள். அவன் உயிரோடு அசைவதைப் பார்க்க அவளுக்கு இருந்தது பன்னிரண்டாவது பேச்சு ஒன்றுதான். அதில் தூணோரமாக, கூட்டத்தோடு கூட்டமாக அவனும் உட்கார்ந்திருப்பான். தினமும் பார்ப்பாள்.

நாலு நாளாக அவன் முகம் கரைந்து கிடக்கிறது என்றாள். டாக்டரிடம் காட்டினாளாம், கண்ணில் கோளாறில்லையாம்.

"போனுக்கு இன்னும் பெரிய நெட் பேக்காப் போட்டா தெளிவா வருமா சாமி?"

குரு பரஞ்சோதியைப் பார்த்தார். பழையது இல்லை என்று பரஞ்சோதி தலையசைத்தார்.

"பேக் போட வேணாம்மா. இனி வராது" என்றார் குரு.

அவள் போனை முந்தானையால் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

குரு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வீடியோவை ஓடவிட்டார். அவர் தாடியில் ஒவ்வொரு முடியும் தெரிந்தது. தூணோரம் ஒரு சாம்பல் திட்டு.

"இதுவா?"

"அதுதான் சாமி."

"என்ன செய்யறான்?"

"தூங்கறான். நீங்க பேச ஆரம்பிச்சா நல்லாத் தூங்குவான்."

குரு தன் பேச்சின் சத்தத்தை அணைத்தார். இருவரும் கடைசிவரை அந்தத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் இறங்கிப் போனபின் பரஞ்சோதிக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாரும் உங்களைப் பார்க்கத்தான் கேக்கறாங்கன்னு நினைச்சேன் சாமி."

"நானுந்தான்" என்றார் குரு.