மெதுவா இறங்கணும் மாப்ள

அறிவைப் பங்கு வைத்த அன்றைக்குக் கொத்தமல்லிப்பட்டிக்காரர்கள் எல்லோரும் சந்தைக்குப் போயிருந்தார்களாம். திரும்பி வந்து பார்த்தால் பானையில் வழித்தெடுக்கக்கூட ஒன்றும் மிச்சமில்லை. அதற்காக அவர்கள் வருத்தப்படவில்லை. வருத்தப்படுவதற்கும் கொஞ்சம் அறிவு வேண்டுமே.

அந்தக் கரிசல்காட்டு ஊரிலிருந்துதான் சிப்பித்துறை கயித்தானுக்கு மூன்று மாப்பிள்ளைகள் வாய்த்தார்கள். கயித்தான் கடலில் கெட்டிக்காரர், கரையில் ஏமாளி. மூத்த மகளுக்கு ஞானப்புவைப் பேசி முடித்தார். அந்தக் கல்யாணத்துக்கு வந்த நெட்டையன் வியாகுலமும் குண்டன் சந்தியாகும் ஊருக்குத் திரும்ப வழி தெரியாமல் பந்தலிலேயே தங்கிவிட்டார்கள். எத்தனை நாள்தான் சும்மா சோறு போடுவது? அடுத்த இரண்டு பெண்களையும் அவர்களுக்கே கட்டிவைத்தார்.

நாலாவது மகள் அமலிக்காவது மண்டையில் மசாலா உள்ள மாப்பிள்ளை அமைய வேண்டும் என்று கயித்தான் வேண்டாத கோயில் இல்லை. அமைந்தது. பையன் பெயர் ரொசாரியோ. கப்பலில் வேலை. அதிகம் பேசமாட்டான். பேசாதவன் புத்திசாலியாகத்தான் இருப்பான் என்று கயித்தானுக்கு ஒரே சந்தோஷம்.

சிப்பித்துறையில் ஒரு வழக்கம். நிச்சயதார்த்த விருந்தில் கணவாய் மீன் கறி வைக்க வேண்டும். அந்தக் கணவாயைப் பெண் வீட்டு ஆண்கள் தங்கள் கையால் பிடித்திருக்க வேண்டும். விலைக்கு வாங்கினால் செல்லாது. கறி இல்லையென்றால் மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். சனிக்கிழமை காலையில் ஒரு திருக்கை மீன் தன் வால்முள்ளால் கயித்தானின் காலைப் பதம் பார்த்துவிட்டது.

கால் வீங்கிக் கட்டிலில் கிடந்த கயித்தான் மூன்று மாப்பிள்ளைகளையும் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். வேறு வழியில்லை.

"இங்க பாருங்க மாப்ள," என்று ஒரு பொம்மை இறாலை எடுத்துக் காட்டினார். பளபளவென்று இருந்தது. வால் பக்கம் சுற்றிலும் வளைந்த முட்கள். "இதுதான் கணவாய்த் தூண்டில். விளக்க ஏத்தினா கணவாய் வெளிச்சத்தப் பாத்து வரும். ஆனா வெளிச்சத்துல நிக்காது, நிழல்லதான் பதுங்கி நிக்கும். பொம்மைய அங்க விடுங்க. மெதுவா இறங்கணும் மாப்ள. எவ்வளவு மெதுவா இறங்குதோ அவ்வளவு கணவாய். மெதுவா இறங்குனாத்தான் இரைன்னு நம்பிக் கட்டிப்பிடிக்கும்."

"கட்டிப்பிடிக்கும்," என்றார்கள் மூவரும் பயபக்தியோடு.

"ஆழம் தெரியாத எடத்துக்குப் போயிராதீங்க. படகுல தண்ணி கெடந்தா அடி ஓட்டைய அடைச்சிருக்கிற தக்கைய உருவி வடிய விட்டுருங்க."

கரையில் வைத்து உருவ வேண்டும் என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. அதையெல்லாமா ஒரு மனுஷன் சொல்லிக்கொண்டிருப்பான்?

அமலி வாசல்வரை வந்தாள். "அத்தான், உங்களத்தான் நம்பியிருக்கேன். மானத்த வாங்கிராதீங்க," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. மூவருக்கும் அது மனதில் தைத்தது. உயிரைக் கொடுத்தாவது கணவாய் பிடிப்பது என்று முடிவு செய்தார்கள்.

இருட்டியதும் படகைத் தள்ளினார்கள். வியாகுலம் முன்னால் இறங்கி, கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே நடந்தான். இடுப்பளவு தண்ணீர் வந்ததும் நின்றான்.

"இதுவரைக்கும் ஆழம் தெரியுது அண்ணே. இதுக்கு மேல தெரியாது."

"இன்னும் ஒரு எட்டு வச்சுப் பாத்தா தெரிஞ்சிருமேப்பா?" என்றான் சந்தியாகு.

"தெரிஞ்சிரும். ஆனா எட்டு வைக்கும்போது தெரியாதே. தெரியாத எடத்துக்குப் போகக்கூடாதுன்னுல்ல மாமா சொன்னாரு!"

நியாயமான பேச்சு. அங்கேயே நங்கூரம் போட்டார்கள். வியாகுலம் படகில் ஏறி, பேட்டரி விளக்கைக் கம்பில் கட்டிப் பிடித்தான்.

அடுத்தது நிழல். படகின் நிழல் போதாது என்று ஞானப்புவுக்குப் பட்டது. "கணவாய் நிக்கிறது நிழல்ல. நிழல் பெருசா இருந்தா நெறைய நிக்கும். சந்தியாகு, நீ எந்திரிச்சு நில்லு."

சந்தியாகு எழுந்து நின்றான். அடேயப்பா, என்ன நிழல்! மூவருக்கும் கட்டிக் கொடுத்த சோற்றையும் அவனுக்கே ஊட்டினார்கள். பசியில் அவன் இளைத்து நிழல் குறைந்துவிட்டால் அமலியின் கதி என்ன ஆவது?

பிறகு ஞானப்பு பொம்மையை நிழலில் விட்டான். அது தன்பாட்டுக்கு இறங்கிக் கண்ணுக்கு மறைந்தது. பதறிப்போய் இழுத்தான். மறுபடி விட்டான். மறுபடியும் மறைந்தது.

"இதுக்கு என்ன இவ்வளவு அவசரம்?" என்றான் வியாகுலம்.

"மாமா சொன்னத இது கேக்கலை போல. கேட்டுருந்தா மெதுவா இறங்கியிருக்கும்," என்றான் சந்தியாகு. அவர்கள் பொம்மைக்குப் புத்திமதி சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு சின்ன அலை தெறித்துப் படகுக்குள் கால் நனைகிற அளவு தண்ணீர் வந்தது.

"தண்ணி கெடக்கு. தக்கைய உருவுங்க!" என்றான் ஞானப்பு. வியாகுலம் குனிந்து உருவினான். உள்ளே கொப்பளித்துக்கொண்டு தண்ணீர் ஏறியது.

"அண்ணே, வடியக் காணோமே. கூடுதே!"

ஞானப்பு கொஞ்சநேரம் யோசித்தான். "நம்ம ஊரு பஸ்ஸப் பாத்ததில்லையா? ஏறுறவங்க எல்லாரும் ஏறினப்புறம்தான் இறங்குறவங்க இறங்க முடியும். பொறு."

பொறுத்தார்கள். அந்த நேரத்தில் கையிலிருந்த தக்கை நழுவித் தண்ணீரில் விழுந்து மிதந்தது. ஞானப்புவின் முகம் மலர்ந்தது. "இத விட மெதுவா இறங்குற பொருள் ஒலகத்துல உண்டா? கட்டுங்கடா பொம்மைய இதோட!"

கட்டினார்கள். பொம்மை தக்கையோடு நீர்மேல் ஆடிக்கொண்டு நின்றது.

"இறங்கவே இல்லையே," என்றான் சந்தியாகு.

"இறங்குது. கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவா இறங்குது. மாமா பாத்தா அசந்துபோவாரு."

மூவரும் பொம்மையையே உற்றுப் பார்த்தார்கள். நேரம் ஆக ஆகப் பொம்மை அவர்களுடைய முகத்துக்குப் பக்கத்தில் வந்தது. ஆச்சரியமாக இருந்தது. அது ஏறவில்லை, படகுதான் இறங்குகிறது என்று சந்தியாகு கண்டுபிடிப்பதற்குள் படகு தரை தட்டி உட்கார்ந்துவிட்டது. விளிம்புக்கு மேல் ஒரு சாண் தண்ணீர்.

"ஐயோ, முங்கிட்டோம்! எனக்கு நீச்சல் தெரியாதே!" என்று, மூவரும் ஏறி நின்றிருந்த குறுக்குப் பலகையிலிருந்து சந்தியாகு அலறினான். தண்ணீர் அவன் முழங்காலைக்கூடத் தொடவில்லை.

"வெளிய இறங்கி நடந்திருவோமா? அங்க இடுப்பளவுதான்," என்றான் வியாகுலம்.

"வெளிய ஆழம் தெரியும். போறதுக்குப் படகுக்குள்ளதான கால வைக்கணும்? படகுக்குள்ள எவ்வளவு ஆழம்னு யாரு சொன்னா?" என்றான் ஞானப்பு.

யாரும் சொல்லவில்லைதான். ஆகவே அசையாமல் நின்று செபம் சொன்னார்கள். வியாகுலம் விளக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். சந்தியாகின் பெரிய நிழல் மூழ்கிய படகை அப்படியே மூடிக் கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் சந்தியாகு மெல்லச் சொன்னான். "அண்ணே, யாரோ என் காலக் கட்டிப்பிடிக்கிறாங்க."

"பின்ன என்ன? நீ மெதுவா இறங்குனேல்ல, அதான்."

வெளிச்சத்தைப் பார்த்து வந்த கணவாய்க் கூட்டம் பதுங்குவதற்கு நல்ல நிழலாகக் கண்டு படகுக்குள் புகுந்திருந்தது. வந்தவை மையைப் பீச்சியடித்ததில் மூவரும் அடுப்புக்கரி நிறத்துக்கு வந்தார்கள். அலறினால் ஓடிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். அமலிக்காக நின்றார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

விடியும் நேரம் கடல் உள்வாங்கிக் கரையோரம் வற்றியது. படகின் விளிம்பு மேலே தெரிந்தது. உள்ளே இருந்த தண்ணீர் தக்கைத் துளை வழியாகச் சலசலவென்று வெளியேறியது. கணவாய் மட்டும் குவியலாக மிஞ்சியது.

"பாத்தியா, இறங்குறவங்க இறங்கிட்டாங்க," என்றான் ஞானப்பு.

கம்பு ஊன்றி நொண்டி வந்த கயித்தான் ஈரமணலில் நின்ற படகையும் அதில் நின்ற மூன்று கறுப்பு உருவங்களையும் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு கணவாயைப் பார்த்தார். எப்படி என்று கேட்கவில்லை. சில விஷயங்களைக் கேட்காமலிருப்பதே நல்லது என்று மூன்று கல்யாணங்களில் கற்றிருந்தார்.

தட்டு மாற்றியாயிற்று. அமலியின் முகத்தில் அத்தனை வெளிச்சம். பந்தியில் எல்லோரும் கணவாய்க் கறியை வளைத்துக் கட்டினார்கள். எப்படிப் பிடித்தீர்கள் என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டுத் தொலைத்தார். ஞானப்பு விளக்கினான். "பொம்மைய இறக்குனா ஒண்ணுதான் கட்டிப்பிடிக்கும். படகையே மெதுவா இறக்குனா மொத்தமும் வரும். தக்கைய மட்டும் உருவணும்."

பந்தியே விழுந்து விழுந்து சிரித்தது. ரொசாரியோ சிரிக்கவில்லை. அவன் கறியில் கை வைத்தபடி ஆழ்ந்து யோசித்துக்கொண்டிருந்தான். கயித்தானுக்கு மனசு குளிர்ந்தது. இதோ, ஒரு பொறுப்பான மாப்பிள்ளை!

ரொசாரியோ நிமிர்ந்தான். "மாமா, எங்க கப்பல் இந்தப் படகப்போல நூறு மடங்கு இருக்கும். தக்கை எங்க இருக்குன்னுதான் தெரியல. திங்கக்கிழமை கேப்டன்கிட்ட கேட்டுருதேன்."

கயித்தான் கையிலிருந்த கரண்டி நழுவியது. மூன்று சகலைகளும் நகர்ந்து, நாலாவது சகலைக்கு நடுவில் இடம்விட்டார்கள்.

சந்தியாகு மட்டும் கவலையோடு இலையை முன்னால் தள்ளினான். "அவ்வளவு பெரிய கப்பலா? அப்ப இன்னும் நாலு கரண்டி சோறு போடுங்க மாமா. நிழல் பத்தாது."