மின்னல்கொடி ராஜாவும் உப்புக்காரியும்

முன்னொரு காலத்தில், கடலும் உப்பங்கழியும் சூழ்ந்த கருங்கழி நாட்டை மகுடவர்மர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் யாராவது அவரைப் புகழ்ந்துவிட்டால் போதும், அன்றைக்கு நாட்டுக்குச் சனி பிடித்துக்கொள்ளும்.

பாட்டனார் காலத்திலிருந்து அந்த நாட்டுக் கொடியில் இருந்தது நாரை. பக்கத்து நாட்டுக் கொடியில் புலி பல்லைக் காட்ட, நம் கொடியில் நாரை ஒற்றைக்காலில் நிற்கிறதே என்று ராஜாவுக்கு மனக்குறை. அதை மோப்பம் பிடித்தார் ஆஸ்தானப் புலவர் அகோரமூர்த்தி. மந்திரி விருத்தகிரியின் பதவிமேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

“அரசே, தேவேந்திரன் கையில் இருப்பது வச்சிராயுதம். அதாவது மின்னல்! பூலோகத்து இந்திரனான தங்களுக்குப் போயும் போயும் நாரையா?” என்றார்.

அவ்வளவுதான். கொடியில் மின்னல், கேடயத்தில் மின்னல், யானை நெற்றியில் மின்னல், சமையல் கரண்டியின் காம்பில்கூட மின்னல். இன்றைக்கு டிரான்ஸ்பார்மரில் மண்டையோட்டுக்குப் பக்கத்தில் வரைந்து நம்மைப் பயமுறுத்துகிறார்களே, செல்போனில் சார்ஜ் ஏறும்போது மூலையில் எட்டிப்பார்க்கிறதே, அதே கோணல் கோடுதான். கருங்கழி ஜனங்கள் அதை உடைந்த ஏணி என்று நினைத்தார்கள்.

புலவர் அதோடு விடவில்லை. இடி இடித்தால் “அர்ஜுனா, அர்ஜுனா” என்று சொல்வது நம் ஜனங்களின் வழக்கம். அர்ஜுனன் இந்திரனுடைய பிள்ளை. பிள்ளை பேரைச் சொன்னால் அப்பா நம் தலையில் ஆயுதத்தைப் போடமாட்டார் என்று ஒரு நம்பிக்கை. “மின்னல் தங்களுடையது, கூப்பிடுவது வேறொருவரையா?” என்று கொளுத்திப் போட்டார் புலவர். மறுநாளே ஆணை வந்தது. இடி இடித்தால் “மகுடவர்மா” என்றுதான் சொல்லவேண்டும். மீறினால் படகில் ஏற்றி நாடு கடத்தல்.

“அரசே, திடுக்கிடும்போது வாய் யோசித்துப் பேசாது” என்றார் விருத்தகிரி.

“தங்கள் பெயர் மந்திரியாருக்குக் கசக்கிறது போலும்” என்றார் புலவர். ராஜாவின் முகம் சிவந்தது. ஆணை அப்படியே நின்றது.

ஐப்பசி பிறந்தது. முதல் இடியிலேயே மாட்டிக்கொண்டாள் உப்பு விற்கும் காத்தாயி. நடுச்சந்தையில் “அர்ஜுனா!” என்று அலறியவளை, கூடையும் கையுமாகச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

விசாரிக்க அருகில் போன விருத்தகிரியிடம் அவள் அழுதாள். “சாமி, ரெண்டு பொட்டப்புள்ளைங்க வீட்ல இருக்கு. என்னை அக்கரைக்கு ஓட்டிட்டா அதுங்களுக்கு யாரு கஞ்சி ஊத்துவா?”

அவர் குனிந்து கூடையைப் பார்த்தார். உப்பின் அடியில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது.

“என்னம்மா இது?”

“உப்பு தண்ணி விடுது சாமி. இன்னும் ஒரு நாழிகையில மழையும் இடியும் வந்து நிக்கும்.”

விருத்தகிரி நிமிர்ந்தார். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

“அரசே, குற்றம் நடந்தது உண்மைதான். ஆனால் தீர்ப்புக்கு முன், எப்பேர்ப்பட்டவரின் பெயரைச் சொல்ல மறந்தாள் என்று இவளுக்குத் தெரியவேண்டாமா? புலவர் பெருமான் இயற்றிய தங்கள் நூற்றெட்டுப் பட்டங்களையும் இங்கே வாசிக்கட்டும்.”

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “பலே! நிறுத்தி நிதானமாக வாசியும்” என்றார்.

புலவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். “மேகத்தை மேய்க்கும் மேலோன்! மின்னலை மடியில் முடிந்த மன்னன்!” முப்பதாவது பட்டத்தில் வெயில் மங்கியது. ஐம்பதில் காற்று எழுந்தது. அறுபத்து மூன்றாவதாக, “இடிக்கு அஞ்சாத இரும்பு நெஞ்சன்” என்று அவர் கையை உயர்த்தியதுதான் தாமதம், மண்டபமே பிளந்ததுபோல் விழுந்தது ஓர் இடி.

புலவர் சுவடியைப் போட்டுவிட்டுத் தூணைக் கட்டிக்கொண்டு “அர்ஜுனா! அர்ஜுனா!” என்று கத்தினார். காவலர்கள் கத்தினார்கள். முன்கூட்டியே தெரிந்திருந்தும் விருத்தகிரியின் வாயிலும் அர்ஜுனன்தான் வந்தான். ராஜாவோ சிம்மாசனத்தின்மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு, காதைப் பொத்தியபடி, “அர்ஜுனா! அர்ஜுனா! அப்பா அர்ஜுனா!” என்றார்.

அத்தனை சத்தத்துக்கு நடுவில் ஒரே ஒரு குரல் மட்டும் “மகுடவர்மா! மகுடவர்மா!” என்றது. அது காத்தாயி.

இடிமுழக்கம் ஓய்ந்தது.

“அரசே, வழக்கில் சிறு மாறுதல்” என்றார் விருத்தகிரி. “இந்தச் சபையில் தங்கள் ஆணையை மதித்தவள் இந்த அம்மாள் ஒருத்திதான். அடியேன் உட்பட மீதிப் பேரை நாடு கடத்தவேண்டும். அரண்மனையில் அத்தனை படகு இல்லை. ராஜாவை முதல் படகில் ஏற்றுவதா, கடைசிப் படகில் ஏற்றுவதா என்று உத்தரவானால் நல்லது.”

ராஜா மெதுவாகக் காலைக் கீழே இறக்கினார். முதலில் தாடி ஆடியது, பிறகு தொப்பை குலுங்கியது, கடைசியில் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “மந்திரியாரே, கெட்டிக்காரர் நீர்! இனி உம் பேச்சைக் கேட்காமல் ஓர் ஆணையும் போடமாட்டேன். அரண்மனைக்கு இனிக் காத்தாயியின் உப்புதான். ஓய் புலவரே, தூணை விட்டுவிட்டு இந்தக் கூடையை இவள் வீடுவரை தூக்கிப் போம். ஒரு கல்லும் நனையக்கூடாது. நான் உமக்குப் பரிசாகப் போர்த்திய பட்டுச் சால்வையை மேலே மூடிக்கொள்ளும்!”

புலவர் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மழையில் இறங்கினார். பின்னாலேயே கிளம்பிய காத்தாயியை ராஜா நிறுத்தினார்.

“எல்லோரும் பயத்தில் உளறினோமே, உனக்கு மட்டும் எப்படி என் பெயர் வந்தது? இடிக்குப் பயமில்லையா?”

“ஐயோ, பயந்தான் மகராசா” என்றாள் அவள். “ஆனா இடி மேல இருக்கு. நீங்க பக்கத்துல இருந்தீங்க.”

ராஜா இப்போது சிரிக்கவில்லை. ஆணை ஓலையை வரவழைத்து, தம் கையாலேயே முறித்துப் போட்டார்.

அதற்குப் பிறகு கருங்கழியில் எப்போது இடி இடித்தாலும் ஊரே அர்ஜுனனைக் கூப்பிட்டது. அரண்மனையிலிருந்து வந்த குரல்தான் எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்டது.