தோற்காதவர்கள் சுமந்த மண்

முன்னொரு காலத்தில், மழை பெய்தால் வெள்ளம், பெய்யாவிட்டால் புழுதி என்று கிடந்த நாட்டை ஓர் அரசர் ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர். இரண்டு குன்றுகளுக்கு நடுவே கரை போட்டுக் காட்டாற்றை மறித்து, கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர் நிற்கும் ஏரி வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது.

ஏரி வேலையில் கைதேர்ந்த குன்றன் கரை போட்டான். ஐப்பசி வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. மறுவருடம் போட்டதும் போனது. மூன்றாவது கரையும் உடைந்ததும் அரசர் கொதித்துப் போனார்.

“தோற்ற கை இனி அந்தக் கரையைத் தொடக் கூடாது. தோல்வியே அறியாதவர்கள் மட்டும் அங்கே மண் சுமக்கட்டும். இது நம் ஆணை.”

குன்றன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். அரசர் சபையைப் பார்த்து, “இங்கே தோல்வி கண்டவர் எவரேனும் உண்டா?” என்று கேட்டார்.

அமைச்சர் மகிபாலர் முந்திக்கொண்டார். “அடியேன் தொட்டதெல்லாம் துலங்கியது, மன்னா.” சேனாதிபதி மீசையைத் தடவி, “தோல்வி எப்படி இருக்கும் என்றே அறியேன்” என்றார். அப்புறம் சபை முழுவதும் அதே பாட்டுத்தான். விகடம் பேசி அரசரைச் சிரிக்கவைக்கும் நம்பிக்கூத்தன் மட்டும் அந்தப் பாட்டில் சேரவில்லை.

மகிபாலருக்குக் கூத்தனைக் கண்டாலே ஆகாது. அரசர் எதற்கும் அவன் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார். “மன்னா, வாயாலேயே பந்தல் போடும் கூத்தனிடம் இந்த வேலையை ஒப்படையுங்கள். அடுத்த வெள்ளத்துக்குக் கரை நிற்காவிட்டால் அவன் தலை போகட்டும்” என்றார் அவர். கோபத்தில் இருந்த அரசரும் சம்மதித்துவிட்டார்.

கூத்தன் கைகூப்பினான். “ஆணைப்படி, தோல்வி அறியாதவர் யாராயினும் வேலைக்கு அழைக்கலாமா, மன்னா?”

“தாராளமாக.”

மறுநாள் விடிந்ததும் பிரபுக்கள் வீட்டு வாசல்தோறும் காவலர்கள் கூடையோடு நின்றார்கள். சபையில் சொன்ன சொல்லை யார் மறுப்பது? மகிபாலரின் முத்துமாலையில் சேறு வழிந்தது. சேனாதிபதிக்கு மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியவில்லை. கூத்தன் மட்டும் புளியமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தான். “நான் பலமுறை தோற்றவன். ஆணையை மீறி மண்ணைத் தொடலாமா?” என்றான்.

வெயில் ஏற ஏற உண்மை இறங்கியது. சேனாதிபதிதான் முதலில் கூடையைக் கீழே வைத்தார். “தென்மலைப் போரில் நான் தோற்று ஓடி வந்தவன். போதுமா? என்னை விட்டுவிடு.” மகிபாலர் குரலைத் தாழ்த்தினார். “என் தோட்டத்தில் வெட்டிய கிணற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வெளியே தெரியாமல் மேலே மல்லிகைப் பந்தல் போட்டு வைத்திருக்கிறேன்.” ஆளுக்கொரு தோல்வியைச் சொல்லிவிட்டு எல்லோரும் நடையைக் கட்டினார்கள்.

மாலையில் அரசர் குதிரையில் வந்து பார்த்தார். கரையில் ஈ காக்கை இல்லை.

“ஆட்கள் எங்கே?”

“எல்லோரும் தோற்றவர்களாம், மன்னா. நாட்டில் மிச்சம் ஒரே ஒருவர்தான்.” கூத்தன் ஒரு கூடையை இரு கைகளாலும் அரசரிடம் நீட்டினான்.

நீட்டியவனுக்கு எப்படி இருந்திருக்கும்? அரசரின் கை வாள்பிடிக்குப் போனது. பிறகு என்ன நினைத்தாரோ, குதிரையின் கழுத்தைத் தடவினார். “இந்தக் குதிரையே என்னை எத்தனையோ முறை கீழே தள்ளியிருக்கிறது.”

“ஏறுவதை விடவில்லையே, மன்னா?”

“எப்படி விடுவேன்? எந்தப் பக்கம் திமிறும் என்பது விழுந்த பிறகுதானே தெரிந்தது.” சொல்லிவிட்டு அரசர் உடைந்த கரையை நோக்கித் திரும்பினார். “நம் ஆணை திரும்பப் பெறப்பட்டது. குன்றனை அழைத்து வாருங்கள்.”

குன்றன் கோபம் தணியாமலேதான் வந்தான். “மூணு தரம் உடைஞ்சதையும் கிட்ட நின்னு பாத்தவன் நான் ஒருத்தன்தான், சாமி. மொதல்ல நண்டு வளையில தண்ணி புகுந்துச்சு. அதை அடைச்சேன். மிஞ்சின தண்ணி கரைமேல வழிஞ்சு அரிச்சுது. அதுக்குக் கலிங்கு வச்சு வழி விட்டேன். தண்ணி விழுந்த வேகத்துல கலிங்குக் கல்லே பேந்துபோச்சு. இந்தத் தரம் கல்லைப் படி படியா அடுக்கணும். தண்ணி குதிக்கக் கூடாது, எறங்கி நடக்கணும். இது நாலாவது கரைக்குத்தான் தெரியும், சாமி. மொதக் கரைக்குத் தெரியாது.”

ஊரே மண் சுமந்தது. ஆணை நீங்கியதால் கூத்தனும் சுமந்தான். ஐப்பசி வந்தது. ஒரு காலையில் மலையே கரைந்து வருவதுபோல் செந்நீர் இரைந்து வந்தது. வேரோடு மரங்கள் உருண்டு வந்து கரையில் மோதின. குன்றின்மேல் நின்ற கூத்தன் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். தண்ணீர் ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. கலிங்கை எட்டியது. பிறகு, சொன்ன பேச்சைக் கேட்ட பிள்ளைபோல, படி படியாக இறங்கிப் போயிற்று.

கரை நின்றது. மழை ஓய்ந்தபோது குன்றுக்குக் குன்று தண்ணீர், அதற்குள் முழு வானம். அரசர் தம்மை அறியாமல் பாதுகைகளைக் கழற்றிவிட்டு நின்றார். அவர் கண்கள் நிறைந்திருந்தன.

மகிபாலர்தான் மெல்லத் தொண்டையைக் கனைத்தார். “தோல்வி காணாத் தடாகம் என்று கல்வெட்டில் பொறிக்கலாம், மன்னா.”

அரசர் வழக்கம்போலக் கூத்தன் முகத்தைப் பார்த்தார். அவன் சொன்னான்: “பெயர் எதுவானாலும் சரி, மன்னா. எங்கெங்கே, ஏன் உடைந்தது என்பதையும் கீழே பொறித்துவையுங்கள். ஐந்தாவது கரை போடுகிறவனுக்கு உதவும்.”

“ஐந்தாவதா?” என்று அரசர் சிரித்த சிரிப்பு இரண்டு குன்றுகளிலும் மோதித் திரும்பியது. தம் கழுத்து மாலையைக் கழற்றி, தப்பிய அந்தக் கழுத்தில் தாமே போட்டார். குன்றனுக்கு ஏரிக்குக் கீழே நல்ல நஞ்சை நிலம் கிடைத்தது.

இன்னொன்றும் நடந்தது. மகிபாலரின் தோட்டம் ஏரிக்குக் கீழேதான் இருந்தது. அடுத்த கோடையில் அவருடைய வறண்ட கிணற்றில் தண்ணீர் ஊறியது. மல்லிகைப் பந்தலைத் தம் கையாலேயே பிரித்துவிட்டு, முதல் குடத்தை அவரே கூத்தன் வீட்டுக்குச் சுமந்து போனாராம்.

ஏரி நிறைந்தது, கதையும் நிறைந்தது. கேட்டவர் வீட்டு நெற்குதிரும் நிறையட்டும்.